பழைய வீரர்களும் புதிய படங்களும்

தொழிலின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நமக்கு இழப்புகள் பல உண்டு. அவற்றுள் நாம் வெளியே சொல்லிக்கொள்ளாத இழப்பு ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் கதை சொல்லுவார் இல்லை. பாட்டி ஊரில் இருக்கிறாள். பேரன் இங்கே இருக்கிறான். கோடை விடுமுறையில் பத்து நாள் அவனை அங்கே அழைத்துச் சென்றாலும், அவன் பேசும் தமிழும் அவள் பேசும் தமிழும் ஒன்றோடொன்று பழகுவதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடுகிறது. ஆகவே பழைய வீரர்களின் கதைகள் இன்று நம் குழந்தைகளிடம் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே வழியில்தான். அந்த வழி சினிமா.

இந்நிலைமை நமக்கு மட்டும் உரியதன்று. அடுத்த வீட்டு மலையாளிக்கும், மேல்மாடியில் குடியிருக்கும் வங்காளிக்கும், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் தெலுங்கருக்கும் இதே குறை உண்டு. அவரவர் நாட்டுப்புறப் பாடல்களிலும், வாரப் பத்திரிகைத் தொடர்களிலும், மலிவு விலைத் துப்பறியும் நூல்களிலும் வாழ்ந்த வீரர்கள், அண்மைக் காலத்தில் புதிய உருவம் தாங்கி வெள்ளித்திரையில் வலம் வருகின்றனர். கண்டு மகிழ்வோர் ஒருபுறம். 'எங்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள்' என்று வருந்துவோர் மறுபுறம். இவ்விரு சாராரில் நியாயம் யார் பக்கம்? பழைய கதையை மாற்றுவது எவ்வளவு தூரம் தகும், எந்த எல்லையைத் தாண்டினால் தகாது? இவ்வினாவைச் சில படங்களைக் கொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுதல் நலம். சாகசக் கதையைச் சினிமா மாற்றுவது புதிய வழக்கம் அன்று. அமெரிக்காவில் 1919-ஆம் ஆண்டில் ஒரு மலிவு விலைப் பத்திரிகையில் ஜான்ஸ்டன் மக்கல்லி என்பவர் ஸாரோ என்னும் முகமூடி வீரனைப் படைத்தார். கதையின் முடிவில் வீரன் முகமூடியைக் கழற்றித் தான் இன்னான் என்று ஊரறியச் செய்துவிடுகிறான். கதை அத்துடன் முற்றுப்பெற்றது. மறு ஆண்டே டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்த படம் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. பிறகு நிகழ்ந்தது என்ன? ஆசிரியர் தம் முதற்கதையின் முடிவையே மறந்தவர்போல், முகமூடியை மறுபடியும் மாட்டிவிட்டு மேலும் பல கதைகளை எழுதலானார். நூல் படத்தைத் தோற்றுவித்தது. படம் நூலைத் திருத்தியது. ஆகவே, மூலம் என்பது அசையாத மலை என்றும், படம் அதைச் சிதைக்கும் உளி என்றும் எண்ணிவிட வேண்டுவதில்லை.

வஞ்சகன் வாய் திறந்த கதை

நம் அண்டை நாடாகிய கேரளத்தைப் பார்ப்போம். வட மலபாரில், கடத்தநாட்டுப் பகுதியில், 'வடக்கன் பாட்டுகள்' எனப்படும் வீரப் பாடல்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றன. நாற்று நடும் பெண்களின் வாயிலும், பாணர்களின் வாயிலும் வாழ்ந்த பாடல்கள் இவை. இருவருக்குள் வழக்கு மூண்டால் இரு தரப்பாரும் ஆளுக்கொரு வீரனைப் பொருள் கொடுத்து அமர்த்தி வாட்போர் செய்வித்துத் தீர்ப்புக் காண்பது அந்நாளைய வழக்கம். அப்போருக்கு 'அங்கம்' என்று பெயர். அதில் பொருதும் வீரர் சேகவர்.

இப்பாடல்களில் புத்தூரம் வீட்டு ஆரோமல் சேகவர் தலைசிறந்த வீரர். அவருடைய அத்தை மகன் சந்து. ஆரோமல் அரிங்ஙோடரை எதிர்த்து அங்கம் வெட்டச் செல்லும்போது சந்துவைத் துணைக்கு அழைத்துச் செல்கிறார். சந்துவோ கொல்லனுக்குக் கைக்கூலி கொடுத்து, வாளில் இரும்பாணிக்குப் பதிலாக மூங்கிலாணியை வைக்கச் செய்கிறான். போரின் நடுவே வாள் முறிகிறது. முறிந்த வாளாலேயே ஆரோமல் பகைவரை வென்றுவிடுகிறார். களைத்துப்போய் மடியில் தலைவைத்துக் கண்ணயர்ந்தவரைச் சந்து குத்துவிளக்கின் தண்டினால் குத்திக் கொல்கிறான். இதனால் மலையாள நாட்டில் 'வஞ்சகன் சந்து' என்பது பழமொழிபோல் ஆகிவிட்டது. 1961-இல் குஞ்சாக்கோ எடுத்த 'உண்ணியார்ச்சா' முதலான படங்கள் பாட்டின் வழியிலேயே நின்றன.

1989-ஆம் ஆண்டில் எம். டி. வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் இயக்கிய 'ஒரு வடக்கன் வீரகாதா' வெளிவந்தது. பாட்டில் உள்ள நிகழ்ச்சிகளில் எதையும் அப்படம் ஒளிக்கவில்லை. வாள் முறிகிறது, ஆரோமல் இறக்கிறார், பழி சந்துவின் மேல் விழுகிறது. ஆனால் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: இந்நிகழ்ச்சிகளுக்கெல்லாம் சாட்சி யார்? இறந்தவருடைய வீட்டார் சொன்னதைப் பாணர் பாடினர். சந்துவின் சொல்லைக் கேட்டவர் எவரும் இலர். படத்தில் சந்து வாய் திறக்கிறான். கொல்லனுக்குக் கைக்கூலி கொடுத்தவன் அவனல்லன். விளக்கின் தண்டு பாய்ந்ததும் கைகலப்பில் நேர்ந்த விபத்து. தாயும் தந்தையும் இன்றி மாமன் வீட்டில் வளர்ந்தவன், ஒவ்வொரு முறையும் உரிமையை இழந்து, இறுதியில் பழியையும் சுமக்கிறான். பாட்டில் இளையவனான ஆரோமலுண்ணி அவன் தலையைக் கொய்கிறான். படத்தில் சந்து தன் வாளாலேயே தன்னை மாய்த்துக்கொள்கிறான்.

இப்படத்தின் திரைக்கதைக்காக வாசுதேவன் நாயருக்குத் தேசிய விருது கிடைத்தது. இதிலும் 'மதிலுகள்' என்னும் படத்திலும் நடித்தமைக்காக மம்மூட்டிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. வாசுதேவன் நாயர் 2024 டிசம்பரில் காலமானார். அதன்பின் 2025-இல் படம் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தது. அப்போது நம் குடியிருப்பிலுள்ள மலையாள நண்பரோடு நாமும் சென்று கண்டோம். நண்பரின் தாயார், எண்பது வயதைக் கடந்தவர், உடன் வந்திருந்தார். படம் முடிந்து வெளியே வந்ததும் பேரன் பாட்டியிடம், "அப்படியானால் பாட்டில் உள்ளது பொய்யா?" என்று கேட்டான். மூதாட்டி சற்று எண்ணிப் பார்த்து, பாட்டுப் பாடியவர்கள் ஆரோமலின் வீட்டுக்கு வேண்டியவர்கள் என்றும், படம் எடுத்தவர் சந்துவுக்கு வேண்டியவர் என்றும், இரண்டையும் கேட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே நலம் என்றும் விடையிறுத்தார். அதன்பின் வண்டியில் வீடு வந்து சேரும்வரை பாட்டின் பகுதிகளைப் பாடிக்கொண்டே வந்தார். பேரன் அவற்றைக் கேட்டது அன்றே முதன்முறை என்பதை நண்பர் நமக்குப் பின்னர் தெரிவித்தார்.

நல்ல மறுபடைப்பு செய்யும் தொண்டு இதுவே. பழைய பாட்டின் இடத்தை அது பறித்துக்கொள்ளவில்லை. பாட்டு என்ன சொல்கிறது என்று அறியாதவனுக்குப் படத்தின் சுவை பாதிதான். ஆகவே படமே அவனைப் பாட்டினிடம் அனுப்பிவைக்கிறது.

உண்மை நாடுவோன்

இனி வங்காளத்துக்குச் செல்வோம். சரதிந்து பந்தோபாத்தியாயர் 1932-ஆம் ஆண்டில் பியோம்கேஷ் பக்ஷி என்னும் துப்பறியும் வீரனைப் படைத்தார். இவ்வாசிரியரின் வாழ்க்கை நம்மைப் போன்றோர் அறிந்துகொள்ளத் தக்கது. அவர் பிறந்தது இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஜௌன்பூரில், வளர்ந்தது பீகாரில். 1938-இல் பம்பாய்க்குச் சென்று சினிமாக் கதைகள் எழுதினார்; பின்னர்ப் புனேயில் குடியேறினார். 1970-இல் அவர் மறையும்வரை, கொல்கத்தாவின் சந்துபொந்துகளை உயிரோடு எழுதிக்காட்டிய அந்தப் பேனா பெரும்பாலும் வேற்றுமொழி வழங்கும் ஊர்களிலேயே ஓடியது. சினிமாத் தொழிலில் இருந்த ஆண்டுகளில் பியோம்கேஷை அவர் தொடவில்லை. சுமார் 15 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1951-இல் மீண்டும் எழுதத் தொடங்கினார். முற்றுப்பெற்ற கதைகள் 32. இறுதிக் கதை முடிவு பெறாமல் நின்றுவிட்டது.

பியோம்கேஷுக்கு 'டிடெக்டிவ்' என்னும் சொல் பிடிக்காது. 'கோயெந்தா' என்னும் வங்கச் சொல்லும் பிடிக்காது. தன்னை அவன் 'சத்யான்வேஷி' என்று அழைத்துக்கொள்கிறான். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைக் கண்டால் கை சற்றுத் தயங்கும். 'துப்பறிவோன்' என்று எழுதினால் வாசகருக்கு உடனே விளங்கும். ஆனால் அவன் வேண்டாம் என்று தள்ளிய பெயரையே அவன் தலையில் சூட்டியதாகும். 'உண்மை நாடுவோன்' என்று எழுதுவதே முறை. ஏனெனில் இச்சொல்லில்தான் அவனுடைய உயிர்நிலை இருக்கிறது. கள்வனைப் பிடித்துக் கொடுத்துப் பரிசு பெறுவது அவன் குறிக்கோளன்று. உண்மை இன்னதென்று தெளிவதே அவனுக்கு வேண்டுவது. அவன் மணம் புரிந்துகொள்கிறான். சத்யவதி என்னும் மனைவியோடு குடித்தனம் நடத்துகிறான். கதைக்குக் கதை வயது ஏறுகிறது. வேட்டி கட்டிய நடுத்தரக் குடும்பத்தான் ஒருவன் தன் வீட்டு முன்கூடத்தில் அமர்ந்து உண்மையைத் தேடுகிறான் என்பதே அக்கதைகளின் அழகு.

1967-இல் சத்யஜித் ராய் இயக்கிய 'சிடியாகானா' என்னும் படத்தில் உத்தம்குமார் பியோம்கேஷாக நடித்தார். 1993-இல் பாசு சட்டர்ஜி இயக்கத்தில் ரஜித் கபூர் நடித்த தொடர் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. அந்நாளில் வடநாட்டில் வாழ்ந்த தமிழர் பலர் இவ்வீரனை முதன்முதல் அறிந்தது அத்தொடரினாலேதான். 2015-ஆம் ஆண்டில் திபாகர் பானர்ஜி ஓர் இந்திப் படம் எடுத்தார். சுஷாந்த் சிங் ராஜ்புத் நடித்தார். இதில் காலம் இரண்டாம் உலகப் போர்க்காலம். ஜப்பானியரின் குண்டு எப்போது விழுமோ என்று கல்கத்தா நகரம் அஞ்சிக்கொண்டிருக்கிறது. மூலக்கதையில் அஜித் என்னும் நண்பன், ஒரு விடுதியில் வேற்றுப் பெயரில் தங்கியிருக்கும் பியோம்கேஷைத் தற்செயலாகச் சந்திக்கிறான். படத்திலோ காணாமற்போன தந்தையைத் தேடித் தரும்படி அஜித் அவனை நாடி வருகிறான். நிதானமான குடும்பத்தான் மறைந்து, துடிப்பும் அவசரமும் மிகுந்த, தவறு செய்து கற்றுக்கொள்ளும் இளைஞன் தோன்றுகிறான்.

இம்மாற்றங்களில் பெரும்பாலானவற்றை நாம் குறைகூற மாட்டோம். அந்நாளைய டிராம் வண்டியும், கடைப் பலகையும், விடுதியின் சாப்பாட்டு மேசையும் அவ்வளவு அக்கறையோடு அமைக்கப்பட்டிருக்கின்றன. மூலத்தை நேசிக்காதவர் இவ்வளவு பாடுபடமாட்டார். ஆயினும் படத்தின் பெயர் 'டிடெக்டிவ் பியோம்கேஷ் பக்ஷி!' என்பது. எந்தச் சொல்லை அவன் வேண்டாம் என்றானோ, அச்சொல்லே விளம்பரப் பலகையில் முதலில் நிற்கிறது! இந்தியா முழுவதும் விற்க வேண்டிய படத்துக்கு யாவருக்கும் விளங்கும் சொல் தேவை என்பதை நாம் அறிவோம். மொழிபெயர்ப்பாளரும் அந்த நெருக்கடிக்கு நாள்தோறும் உட்படுகிறவர்களே. ஆனால் இதை மட்டும் கண்டு வளரும் பிள்ளைக்கு, 'உண்மை நாடுவோன்' என்று ஒருவன் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட செய்தியின் அருமை எங்ஙனம் விளங்கும்? உடையை மாற்றலாம், வயதைக் குறைக்கலாம், காலத்தைத் தள்ளி வைக்கலாம். அவன் தன்னைப் பற்றிச் சொல்லிய முதல் வாக்கியத்தை மாற்றும்போது எச்சரிக்கை வேண்டும்.

பெங்களூருக்கு வந்த நீலி

'நீலிக் கண்ணீர்' என்னும் தொடரை அறியாத தமிழர் இல்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், பேயுருவான நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று சொல்லிப் பொய்க் கண்ணீர் வடித்தாள். அதை நம்பி அவ்வணிகனுக்கு உயிர்ப்பிணை கூறிய வேளாளர் எழுபதின்மர், அவன் இறந்தபோது சொல் தவறாது தீப்புகுந்தனர் என்பது நம் பழங்கதை. தென்கோடியில், 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த குமரி மாவட்டத்தில், கள்ளியங்காட்டு நீலியின் கதை வில்லுப்பாட்டாக வழங்குகிறது. கேரளத்திலும் அவள் புகழ் பெற்றவள். மந்திரத்தில் வல்ல கடமற்றத்துக் கத்தனார் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் அவளை அடக்கினார் என்பர். ஆகவே நீலி நமக்கும் மலையாளிகளுக்கும் பொதுச் சொத்து என்று சொல்லலாம்.

2025-ஆம் ஆண்டு ஓணம் பண்டிகையை ஒட்டி டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த கதாநாயகி சந்திரா என்னும் பெயருடன் பெங்களூரில் வாடகை வீட்டில் தனியே வாழ்கிறாள். அவள்தான் கள்ளியங்காட்டு நீலி! காட்டில் வாழ்ந்த எளிய குடியிற் பிறந்த சிறுமி அவள். அரசனின் ஆட்கள் அவளுடைய மக்களை அழித்தனர். அதன் பின்னரே அவளுக்கு மனித ஆற்றலுக்கு மேற்பட்ட வலிமை வாய்த்தது. கத்தனார் அவளை ஆணியடித்து அடக்கவில்லை. அவ்வலிமையைப் பிறர் நன்மைக்குப் பயன்படுத்தும்படி அறிவுறுத்துகிறார். இப்படிச் செல்கிறது புதிய கதை.

பழைய கதைகளில் நீலி அஞ்சத் தக்கவள். ஆனால் பழையனூர்க் கதையையும் கள்ளியங்காட்டுக் கதையையும் உற்று நோக்கினால், இரண்டிலும் முதலில் ஒரு பெண் கொலை செய்யப்படுகிறாள். அவளைக் கொன்றவன் அவள் நம்பிய ஆடவனே. பேயான பின் அவள் செய்ததையே ஊர் நினைவில் வைத்துக்கொண்டது. பேயாவதற்கு முன் அவளுக்குச் செய்யப்பட்டதை மறந்தது. நம் மொழியிலேயே அவளுடைய கண்ணீர் பொய்க் கண்ணீருக்கு உவமையாக நின்றுவிட்டது. புதிய படம் கொலையின் வகையை மாற்றியிருக்கிறது. ஆயினும் முதலில் தீங்குக்கு உட்பட்டவள் அவளே என்னும் உண்மையை மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. பழைய கதையில் இல்லாத ஒன்றை இது வெளியிலிருந்து புகுத்தவில்லை. உள்ளே இருந்து மூடிக்கிடந்ததைத் திறந்திருக்கிறது. வேற்றூரில் வாடகை வீட்டில் தன் கதையைச் சொல்லிக்கொள்ளாமல் வாழும் ஒருத்தியாக அவளைப் படைத்ததில், நம் போன்றோர்க்கு நெருக்கமான ஓர் உணர்ச்சியும் இருக்கிறது.

எல்லைக்கோடு எங்கே?

இதுவரை கண்ட மூவரும் கதையுலகத்தவர். அல்லது சரித்திரத்தின் பிடிக்கு அகப்படாதவர். நம் தாத்தா காலத்தில் மெய்யாகவே வாழ்ந்து இறந்த வீரர் ஒருவரைச் சாகசக் கதையின் நாயகராக மாற்றினால் நியாயம் வேறுபடுகிறது.

2022-ஆம் ஆண்டில் ராஜமௌலி இயக்கிய 'ஆர்ஆர்ஆர்' என்னும் தெலுங்குப் படம் உலகெங்கும் ஓடியது. 2023-இல் அதன் பாடல் ஒன்று ஆஸ்கர் பரிசையும் பெற்றது. அதில் அல்லூரி சீதாராமராஜு, கோமரம் பீம் என்னும் இருவர் நண்பர்களாகின்றனர். இருவரும் மெய்யாக வாழ்ந்தவர்கள். ஆனால் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள் அல்லர். சந்தித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதே தம் கற்பனை என்று இயக்குநர் முன்னரே தெரிவித்துவிட்டார். கற்பனை என்று அறிவித்துவிட்டுக் கற்பனை செய்வதில் ஏமாற்று இல்லை. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் கோமரம் பீம் யார்? 1901-ஆம் ஆண்டில் அடிலாபாத் பகுதியின் கோண்டுப் பழங்குடியிற் பிறந்தவர். காட்டில் உழுது வாழும் தம் மக்களின் உரிமைக்காக, நிஜாம் அரசாங்கத்தின் வன அதிகாரிகளையும் வரி அதிகாரிகளையும் எதிர்த்தவர். நீர், காடு, நிலம் என்னும் மூன்றும் எங்களுடையவை என்னும் முழக்கம் அவர் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது. 1940-இல் ஜோடேகாட் என்னுமிடத்தில் நிஜாமின் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016-இல் தெலங்கானாவில் ஒரு மாவட்டத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. படத்திலோ அவருடைய பகைவர் வெள்ளைக்காரக் கவர்னர். போராட்டத்தின் காரணம் கடத்திச் செல்லப்பட்ட ஒரு சிறுமி. வன அதிகாரியும் இல்லை, வரியும் இல்லை, நிலமும் பின்னுக்குப் போய்விடுகிறது.

பீமின் கைகளில் புலியைக் கண்டு வியந்த பிள்ளைகளில் எத்தனை பேர், அவர் எந்த நிலத்துக்காக உயிர் நீத்தார் என்று கேட்பார்கள்? அந்த நிலத்தின் வழக்கு பழங்கதை ஆகிவிடவில்லை. காட்டு நிலத்தின் மீது பழங்குடியினரின் உரிமைக்குச் சட்டம் வந்ததே 2006-ஆம் ஆண்டில்தான். சந்துவின் கதையை மாற்றியதால் எவருடைய நிலமும் பறிபோகவில்லை. பீமின் பகைவரை மாற்றினால் அவருடைய வழக்கே மாறிவிடுகிறது. படம் தரும் களிப்பை நாமும் மறுக்கவில்லை. நாமும் கைதட்டிப் பார்த்தவர்களே. ஆனால் மெய்யான வீரனின் பெயரைக் கடன் வாங்குகிறவர், அவன் எதற்காக நின்றான் என்பதை மட்டுமாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நம் துணிபு.

நம் வீட்டுக் கதை

பிறர் வீட்டுக் கதையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதையை விட்டுவிடலாகாது. 'பொன்னியின் செல்வ'னின் வந்தியத்தேவன் தமிழரின் சாகச வீரர்களில் முதல் வரிசையில் நிற்பவன். சரித்திரத்தில் அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். குந்தவைப் பிராட்டியின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் வரும் பெயரே முக்கியமான சான்று. அந்தப் பெயருக்குக் குதிரையும் குறும்பும் வீராணத்து ஏரிக்கரையும் கொடுத்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர் அது. ஆகவே கல்கியும் ஒரு மறுபடைப்பாளரே.

மணிரத்னம் 2022-லும் 2023-லும் அதை இரு பாகங்களாகப் படமாக்கினார். ஐந்து பாக நாவலைச் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் அடக்குவதென்றால் பலவற்றை விட்டேயாக வேண்டும். வந்தியத்தேவனிடம் மனத்தைப் பறிகொடுத்து வாழ்வை இழந்த மணிமேகலை படத்தில் இல்லை. நாவலில் இறுதியில் முடிசூடுபவன், பூக்கூடை சுமந்த சேந்தன் அமுதன். படத்தில் முடி, முதலிலிருந்தே நாம் கண்ட மதுராந்தகனின் தலையில் ஏறுகிறது. இவற்றைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. தில்லித் திரையரங்கில் அப்படம் ஓடிய நாளில், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் 'அருண்மொழி' என்னும் பெயரைத் திருத்தமாக உச்சரித்துக்கொண்டு வந்ததைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நாமும் உண்டு.

எனினும் வீடு திரும்பும் வழியில் ஒன்று தோன்றிற்று. படத்தில் உள்ளதைப் பற்றிப் பிள்ளைகள் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். நந்தினி ஏன் அப்படிச் செய்தாள்? ஆழ்வார்க்கடியான் மெய்யாகவே இருந்தானா? ஆனால் மணிமேகலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? நாவலைப் படித்தவன் படத்தில் அவளைக் காணாமல் தேடுவான். படிக்காதவனுக்கு அவள் பிறக்கவே இல்லை. மாற்றப்பட்டது கண்ணுக்குத் தெரியும்; விடப்பட்டது தெரியாது. சந்துவின் படத்தைக் கண்ட சிறுவனுக்குப் பக்கத்தில் பாட்டு அறிந்த பாட்டி இருந்தாள். ஆகவே அவனுக்கு ஒரு கதை இரண்டாயிற்று. நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்?

படமெடுப்போரை நோக்கிக் கதையை மாற்றாதீர் என்று சொல்வதில் பயனில்லை, சொல்லவும் கூடாது. மாற்றம் இல்லையேல் சந்து இன்னும் வஞ்சகனாகவும், நீலி இன்னும் பேயாகவுமே இருப்பார்கள். அவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது, எதை விடுகிறோம் என்பதை அறிந்து விட வேண்டும் என்பது மட்டுமே. எஞ்சிய கடமை நம்முடையது. படம் பார்த்து வந்த இரவில், விடப்பட்ட பாத்திரம் ஒன்றையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். நமக்கே நினைவில்லையெனில் ஊருக்குத் தொலைபேசியில் பேசிப் பாட்டியையே சொல்லச் செய்வோம். அவளுடைய தமிழ் பாதி விளங்கினாலும் போதும். அடுத்த வீட்டு மலையாளத் தாயாரையும் மேல்மாடி வங்காளப் பெரியவரையும் ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் கேட்டு வளர்ந்த கதையை அவர்கள் வாயாலேயே கேட்போம். அவர்களிடம் கதை கேட்போரும் இன்று அருகிவிட்டனர்.

அன்றிரவு நம் வீட்டில் மணிமேகலையின் கதையைச் சொன்னோம். கேட்டு முடித்த சிறுமி, "இவளை ஏன் படத்தில் காட்டவில்லை?" என்று சினந்து கேட்டாள். அந்தச் சினம் நமக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.